கேம் கன்சோல் டிஸ்க் டிரைவின் ஃபர்ம்வேரைப் படித்தெடுப்பது எப்படி?

டிஸ்க் டிரைவ் பழுதானதும் பலர் அதே மாதிரி இன்னொரு டிரைவை வாங்கி மாட்டுகிறார்கள். தட்டு ஒழுங்காக வெளியே வருகிறது, உள்ளே போகிறது, டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்கிறது. விளையாட்டு மட்டும் தொடங்குவதில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் விளையாட்டு டிஸ்க்கைப் போட்டால் ‘டிவிடியை இயக்கு’ என்று திரையில் வந்து நிற்கும். வாங்கிய டிரைவில் குறை ஏதும் இல்லை. தொழிற்சாலையிலேயே கன்சோலுக்கும் அதன் டிரைவுக்கும் பொதுவாக ஒரு ரகசியச் சாவி எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் அது 16 பைட் நீளம். புதிய டிரைவிடம் இருப்பது வேறொரு கன்சோலின் சாவி.

அந்தச் சாவி டிரைவின் ஃபர்ம்வேருக்குள், அதாவது டிரைவை இயக்குவதற்காக அதன் சிப்பிலேயே எழுதி வைத்திருக்கும் மென்பொருளுக்குள் இருக்கிறது. டிரைவ் முழுவதுமாகச் செத்துவிட்டால் சாவியை மீட்கும் வழிகள் மிகக் கடினமாகிவிடும். ஆகவே டிரைவ் வேலை செய்யும் நிலையில் இருக்கும்போதே ஃபர்ம்வேரைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். இதற்கான தகவல்கள் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பாதி, தெரிந்தவர் தெரிந்தவருக்கு எழுதியவை. அவற்றோடு மல்லுக்கட்டி முடித்த பிறகு, முதன்முறை செய்கிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

படிப்பதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். ஃபர்ம்வேரை மாற்றி, பிரதி எடுத்த டிஸ்க்குகளை ஓட்டுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல.

1. படிக்கத்தான் வேண்டுமா?

காசு செலவழிக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். டிரைவ் கெட்டுவிட்டது என்று சொல்லப்படுபவற்றில் பல, வெறும் இயந்திரப் பழுதுகள். தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், லென்சில் தூசு படிந்திருக்கும், லேசர் பலவீனமாகியிருக்கும். இவை எதற்கும் ஃபர்ம்வேரைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

சாவி இருப்பது டிரைவோடு இணைந்த சர்க்யூட் போர்டில். லேசரிலோ மோட்டாரிலோ அது இல்லை. ஆகவே அதே மாடல் டிரைவ் ஒன்றை வாங்கி, அதன் போர்டை எடுத்துவிட்டு உங்கள் பழைய போர்டை அங்கே மாட்டினால் போதும். எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிளேஸ்டேஷன் 4-இன் தொடக்க மாடல்கள் எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்தும். பழைய டிரைவை ‘இனி எதற்கு’ என்று போர்டோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் இந்த வேலையிலேயே மிகப் பெரிய இழப்பு. அதைச் செய்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் ஏராளம்.

ஃபர்ம்வேரைப் படிக்க வேண்டிய சூழ்நிலைகள் மூன்று: போர்டே பழுதாகத் தொடங்கியிருப்பது, அதே மாடல் டிரைவ் கிடைக்காமல் வேறு மாடலை வைத்துச் சமாளிக்க வேண்டியிருப்பது, எல்லாம் நன்றாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாகப் பிரதி எடுத்து வைப்பது. மூன்றாவது சூழ்நிலையில் இருப்பவர் பாக்கியசாலி. அவசரமில்லாமல் செய்யலாம்.

2023-இல் வந்த, கழற்றி மாட்டக்கூடிய டிரைவுள்ள பிளேஸ்டேஷன் 5-இல் கதை வேறு. அங்கே டிரைவை முதன்முறை இணைக்கும்போது இணையத்தின் வழியாகவே கன்சோல் அதைப் பதிவு செய்துகொள்கிறது. இந்தக் கட்டுரை அதற்குத் தேவைப்படாது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில், பழுதான கன்சோலின் டிஸ்க் டிரைவைச் சரிசெய்வதற்காகப் பாதுகாப்புப் பூட்டைக் கடப்பதற்கு 2021 அக்டோபரில் பதிப்புரிமை விதிவிலக்கு வழங்கப்பட்டது. வேலை முடிந்ததும் பூட்டைப் பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எல்லா நாட்டிலும் விதி இப்படி இருக்காது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று பார்த்துவிட்டுத் திருகாணியைத் தொடுங்கள். உத்தரவாதம் இன்னும் முடியாத கன்சோல் என்றால் திறக்கவே வேண்டாம்.

2. முதலில் எழுதி வைக்க வேண்டியவை

கருவிகளைத் தேடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கன்சோலின் வரிசை எண், அதன் மாடல், தயாரிப்புத் தேதி, டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் அதில் ஏற வேண்டும். லேபிளைப் புகைப்படமும் எடுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒரே கன்சோலுக்குள் பல நிறுவனங்களின் டிரைவ்கள் வந்திருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் 360-இன் பருமனான மாடலில் மட்டும் ஹிட்டாச்சி-எல்ஜி ஜிடிஆர்-3120எல், தோஷிபா-சாம்சங் டிஎஸ்-எச்943, பென்க்யூ விஏடி6038, லைட்-ஆன் டிஜி-16டி2எஸ் என்று நான்கு வகை உண்டு. மெலிந்த மாடலில் லைட்-ஆன் டிஜி-16டி4எஸ், ஹிட்டாச்சி டிஎல்10என் போன்றவை. ஒவ்வொன்றையும் படிக்கும் வழி வேறு. ஒரே மாடலுக்குள்ளும் ஃபர்ம்வேர் பதிப்பு மாறினால் வழி மாறும். லைட்-ஆன் டிஜி-16டி2எஸ்ஸில் 74850சி, 83850சி, 93450சி என்று பதிப்புகள் இருக்கின்றன. முதல் பதிப்புக்குச் சரியாக வந்த முறை கடைசிப் பதிப்பில் வேலை செய்யாது. லேபிளில் உள்ள எண்ணைப் பார்க்காமல் கிடைத்த செய்முறையைப் பின்பற்றுவதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி.

பிறகு, போர்டைத் திறந்து ஃபர்ம்வேர் இருக்கும் சிப்பின் பெயரைப் படித்த உடன், அந்தச் சிப்பின் தொழில்நுட்பத் தாளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். மின்னழுத்தம், கால் வரிசை, கொள்ளளவு ஆகிய மூன்று தகவல்களுக்கு அதுதான் இறுதி ஆதாரம். நான் இங்கே சொல்வதும் அந்தத் தாள் சொல்வதும் முரண்பட்டால் தாளை நம்புங்கள்.

3. கருவிகள், செலவு

வாங்கும் வரிசையில் கவனம் வேண்டும். மல்டிமீட்டர், சரியான டார்க்ஸ் திருகாணி முனைகள், நிலைமின்சாரத்தைக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை ஆகியவை முதலில். இவை எந்த வழியில் போனாலும் வேண்டும். சிப்பில் உள்ளதைப் படித்துக் கணினிக்குத் தரும் சிப் படிப்பானை, டிரைவைத் திறந்து சிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள். ஏனென்றால் சில டிரைவ்களில் தனிச் சிப்பே இருக்காது. படிப்பானும் கிளிப்பும் வாங்கிய காசு வீணாகிவிடும்.

மலிவில் எளிதாகக் கிடைப்பது சிஎச்341ஏ என்னும் யுஎஸ்பி படிப்பான். பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பரவலாக விற்கும் கறுப்பு நிறப் போர்டில் ஒரு தீவிரமான குறை உண்டு. சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் தகவல் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. 3.3 வோல்ட் சிப்புக்கு இது நல்லதல்ல. அதோடு இணைந்திருக்கும், டிரைவையே இயக்கும் கட்டுப்பாட்டுச் சிப்புக்கு இன்னும் ஆபத்து. மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகும் மல்டிமீட்டரை வைத்துத் தகவல் கம்பிகளை அளந்து பார்த்துவிட்டே சிப்பில் இணையுங்கள். ஏற்கெனவே ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்குப் புதிய கருவியே தேவையில்லை. அதன் கால்கள் இயல்பிலேயே 3.3 வோல்ட். ஃபிளாஷ்ராம் என்னும் இலவச மென்பொருள் அதில் நேரடியாக ஓடும்.

சில சிப்கள் 1.8 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்கு இடையில் ஒரு மின்னழுத்த மாற்றி வேண்டும். 3.3 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சிப் போய்விடும், சாவியும் சேர்ந்து போய்விடும்.

எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான கிளிப்பின் பற்கள் சில முறை கவ்வியதும் விரிந்துவிடும். ஒரு கால் மட்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், படித்த கோப்பு மட்டும் தவறாக இருக்கும். செலவில் கொஞ்சம் தாராளம் காட்ட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

சால்டரிங் அனுபவம் இல்லாதவர், தேவைப்பட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் கைபேசி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். ஒரு காலைத் தூக்கி வைப்பது அவர்களுக்குச் சில நிமிட வேலை.

4. திறப்பது

ஒரு முழு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். படிப்பது சில நொடிகளோ நிமிடங்களோதான். திறப்பதும் அடையாளம் காண்பதும் சரிபார்ப்பதும்தான் நேரத்தை விழுங்கும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, திருகாணிகளை எந்த இடத்திலிருந்து கழற்றினீர்களோ அதே அமைப்பில் அதன்மேல் வையுங்கள். நீளம் மாறிய திருகாணியைத் தவறான துளையில் இறுக்கினால் போர்டைத் துளைத்துவிடும்.

டிரைவைத் திறந்ததும் போர்டிலிருந்து லேசருக்கும் மோட்டாருக்கும் போகும் தட்டையான ரிப்பன் கம்பிகள் தெரியும். அவற்றை இழுத்துப் பிடுங்கக் கூடாது. கம்பி நுழையும் இணைப்பியின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். நகத்தால் அதை மெதுவாக மேலே தூக்கியோ வெளியே நகர்த்தியோ திறந்த பிறகே கம்பி தானாக நழுவி வரும். சில இணைப்பிகளில் தாழ்ப்பாள் இருக்காது, நேராக இழுத்தால் போதும். எது எது என்று விளக்கொளியில் குனிந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தத் தாழ்ப்பாள் உடைந்துவிட்டால் ஃபர்ம்வேர் கைக்கு வந்தும் டிரைவ் ஓடாது.

லேசர் நிலைமின்சாரத்தைத் தாங்காது. கம்பி கழன்று கிடக்கும் லேசரின் முனையை விரலால் தொடாதீர்கள். திறந்த நிலையில் டிரைவுக்கு மின்சாரம் கொடுக்க நேர்ந்தால் லென்சை நேருக்கு நேர் பார்க்கவே கூடாது. அந்த ஒளியின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று அர்த்தமல்ல.

5. ஃபர்ம்வேர் எங்கே இருக்கிறது?

போர்டின் இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில், கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். எட்டுக் கால்கள் கொண்ட சிறிய சதுரச் சிப் தேடப்படும் ஆள். அதன்மேல் விண்பாண்ட், மேக்ரோனிக்ஸ், கிகாடிவைஸ் போன்ற பெயரோ அவற்றின் எண்களோ இருந்தால் அது பெரும்பாலும் எஸ்பிஐ ஃபிளாஷ், அதாவது ஃபர்ம்வேர் இருக்கும் நினைவகச் சிப். மோட்டாரை இயக்கும் சிப்பையும் மின்சாரத்தைச் சீர்செய்யும் சிப்பையும் அதுவென்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. எண்ணைத் தேடித் தொழில்நுட்பத் தாள் கிடைத்தால்தான் உறுதி.

பழைய டிரைவ்கள் சிலவற்றில் எட்டுக் கால் சிப்புக்குப் பதிலாக முப்பதுக்கும் மேற்பட்ட கால்களைக் கொண்ட இணைநிலை ஃபிளாஷ் இருக்கும். கிளிப் அதற்கு உதவாது. சிப்பைக் கழற்றி அதற்கான படிப்பானில் வைக்க வேண்டும், இல்லையென்றால் 7-ஆம் பகுதியில் சொல்லும் வழியில் டிரைவ் வழியாகவே படிக்க வேண்டும்.

எதுவுமே கண்ணில் படவில்லையா? அப்படியென்றால் அந்த ஃபிளாஷ், கட்டுப்பாட்டுச் சிப்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் லைட்-ஆன் டிரைவ்களில் மீடியாடெக் கட்டுப்பாட்டுச் சிப்பின் உள்ளேதான் ஃபர்ம்வேர் இருக்கிறது. நேராக 7-ஆம் பகுதிக்குப் போய்விடலாம்.

6. எட்டுக் கால் சிப்பைப் படிப்பது

சிப்பின் ஒரு மூலையில் சிறிய புள்ளி இருக்கும். அதற்குப் பக்கத்தில் உள்ளது முதல் கால். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டு போக வேண்டும். முதல் கால் சிப்பைத் தேர்ந்தெடுப்பது, இரண்டாவது தகவல் வெளியே வருவது, மூன்றாவது எழுதுவதைத் தடுப்பது, நான்காவது கிரவுண்ட் (0 வோல்ட்). எதிர்ப்பக்கத்தில் ஐந்தாவது தகவல் உள்ளே போவது, ஆறாவது கடிகாரத் துடிப்பு, ஏழாவது நிறுத்தி வைப்பது, எட்டாவது மின்சாரம். கிளிப்பின் சிவப்புக் கம்பி வழக்கமாக முதல் காலுக்கு உரியது. ஆனால் வழக்கத்தை நம்பாமல் மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் ஒவ்வொரு கம்பியையும் சரிபாருங்கள். கிளிப்பைத் தலைகீழாக மாட்டினால் மின்சாரம் போக வேண்டிய இடத்தில் கிரவுண்ட் போய்ச் சிப் சூடாகும்.

கிளிப்பை மாட்டும் முன் சிப்பின் கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். சில போர்டுகளில் கால்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு இருக்கும். அது நீங்காமல் தொடர்பு கிடைக்காது. பிறகு கிளிப்பை நேர் மேலிருந்து செங்குத்தாக இறக்கி, இரண்டு பக்கப் பற்களும் கால்களின் தோள்பட்டையில் உட்காரும் வரை மெதுவாக அழுத்துங்கள். கம்பியின் எடை கிளிப்பை ஒரு பக்கம் சாய்க்கும். கம்பியை மேசையோடு ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டால் கிளிப் நிமிர்ந்து நிற்கும். கம்பி குறுகியதாக, ஒரு சாணுக்குள் இருக்கட்டும். நீளமானால் படிப்பதில் பிழை வரும்.

டிரைவுக்குக் கன்சோலிலிருந்தோ வேறு எங்கிருந்தோ மின்சாரம் போகக் கூடாது. படிப்பான் கொடுக்கும் மின்சாரம் மட்டும் போதும். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

இப்போது மென்பொருளில் முதல் கட்டளையாகச் சிப்பின் அடையாளத்தை மட்டும் கேளுங்கள். மூன்று பைட்டுகள் பதிலாக வரும். முதல் பைட் தயாரிப்பாளரைச் சொல்லும்: பதினாறடிமான எண்ணில் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை வைத்து எழுதும் முறை) ஈஎஃப் என்றால் விண்பாண்ட், சி2 என்றால் மேக்ரோனிக்ஸ், சி8 என்றால் கிகாடிவைஸ். பெரும்பாலான சிப்களில் மூன்றாம் பைட் கொள்ளளவைச் சொல்லும்: 12 என்றால் 256 கிலோபைட், 13 என்றால் 512, 14 என்றால் 1 மெகாபைட். சிப்பின்மேல் அச்சிட்டிருக்கும் பெயரோடு இது பொருந்த வேண்டும். மூன்று பைட்டும் சுழியாகவோ மூன்றும் எஃப்எஃப் ஆகவோ வந்தால் தொடர்பு இல்லை என்று பொருள். கேட்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வந்தால் தொடர்பு அரைகுறை. அடையாளம் நிலையாக வராதவரை ‘படி’ என்னும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கிளிப்பை எவ்வளவு திருத்தி மாட்டினாலும் அடையாளம் வராது. காரணம் பெரும்பாலும் கிளிப் அல்ல. எட்டாவது காலுக்குக் கொடுக்கும் மின்சாரம் சிப்போடு நிற்காமல் போர்டு முழுவதும் பரவுகிறது. கட்டுப்பாட்டுச் சிப் அரைத்தூக்கத்தில் விழித்துக்கொண்டு அதே கம்பிகளில் தானும் பேசத் தொடங்குகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாது அல்லவா, அதே நிலைமை.

இதற்கு மூன்று தீர்வுகள். கட்டுப்பாட்டுச் சிப்பின் ரீசெட் கால் எது என்று தெரிந்தால் அதைக் கிரவுண்டோடு இணைத்து அதை உறக்கத்திலேயே வைக்கலாம். தெரியாவிட்டால் ஃபிளாஷ் சிப்பின் எட்டாவது காலை மட்டும் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, ஊசி முனையால் போர்டிலிருந்து சற்றே தூக்கிவிட வேண்டும். படிப்பானின் மின்சாரம் அந்தக் காலுக்கு மட்டும் போகும், போர்டு உறங்கும். படித்து முடித்ததும் அதே காலை இறக்கிச் சால்டர் வைத்தால் டிரைவ் பழையபடி ஆகிவிடும். மூன்றாவது வழி சிப்பையே கழற்றித் தனியாகப் படிப்பது. என்னைக் கேட்டால் இரண்டாவது வழியே சிறந்தது. மாற்றம் மிகச் சிறியது, திரும்பப் பெறக்கூடியது. ஒரு விஷயம் மட்டும்: காலை அதிகம் வளைக்காதீர்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். மேலும் கீழும் பலமுறை வளைத்தால் கால் வேரோடு முறிந்துவிடும்.

அடையாளம் சரியாக வந்துவிட்டதா? மென்பொருளில் சிப்பின் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்துப் படியுங்கள். டிரைவ் ஃபர்ம்வேர் சிறியது. விரைவில் முடிந்துவிடும்.

மென்பொருளில் ‘ஆட்டோ’ என்றொரு பொத்தான் இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். பல மென்பொருள்களில் அது தானாகப் படிப்பது அல்ல. தானாக அழித்து, எழுதி, சரிபார்ப்பது. ஒரே அழுத்தலில் சாவி போய்விடும். சில மென்பொருள்களில் ‘பூட்டை நீக்கு’ என்றும் இருக்கும். படிப்பதற்கு அதுவும் தேவையில்லை.

7. தனிச் சிப் இல்லாத டிரைவ்கள்

இங்கே டிரைவின் கட்டுப்பாட்டுச் சிப்பையே பேச வைக்க வேண்டும். வழி மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடக்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் லைட்-ஆன் டிஜி-16டி2எஸ், 74850சி பதிப்பை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

டிரைவின் சாட்டா இணைப்பை (கணினியோடு டிரைவ்கள் தகவல் பரிமாறும் இணைப்பு) கணினியில் மாட்ட வேண்டும். தகவல் கம்பி வழக்கமான சாட்டாதான். மின்சாரக் கம்பி அப்படியல்ல. அந்தக் கன்சோலுக்கே உரிய வடிவம். கணினியின் சாட்டா மின்கம்பி அதில் பொருந்தாது. வெட்டி ஒட்டிப் பொருத்தவும் முயல வேண்டாம். 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் அதில் வருகின்றன. ஒரு கம்பி இடம் மாறினால் போர்டு எரிந்துவிடும். கன்சோலிலிருந்தே டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கலாம், அல்லது இதற்கென்றே விற்கும் அடாப்டரை வாங்கலாம். இந்த வேலையின் பெரிய செலவு அந்த அடாப்டர்தான். ஒரே ஒரு டிரைவைப் படிப்பதற்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. கன்சோலிலிருந்து கொடுக்கும்போது மின்விசிறியின் காற்று வழியைத் திறந்து போட்டபடி நீண்ட நேரம் ஓட விடாதீர்கள்.

சாட்டாவோடு, டிரைவ் போர்டில் உள்ள, ஒற்றைக் கம்பியில் தகவல் அனுப்பும் சீரியல் புள்ளியிலிருந்து 3.3 வோல்ட் சீரியல் மாற்றி வழியாகவும் ஒரு கம்பி கணினிக்கு வர வேண்டும். பழைய கணினிகளின் சீரியல் துளையில் நேராக இணைத்துவிடக் கூடாது. அதன் மின்னழுத்தம் மிக அதிகம். பிறகு தட்டை வெளியே வரச் செய்து, மின்சாரத்தை நிறுத்தி, தட்டைக் கையால் பாதி மட்டும் உள்ளே தள்ளி, மீண்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். தட்டு பாதியில் நிற்கும் அந்த நிலையில்தான் டிரைவ் சாவியைச் சீரியல் வழியாகச் சொல்லும். ஜங்கிள்ஃபிளாஷர் என்னும் மென்பொருள் அதை வாங்கி, டிரைவின் மற்ற அடையாளத் தகவல்களைச் சாட்டா வழியாகப் படித்து, சாவி, அடையாளம், வரிசை எண் என்று தனித்தனிக் கோப்புகளாகச் சேமிக்கும்.

பின்னால் வந்த பதிப்புகளில் இந்தக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. மெலிந்த மாடலின் டிரைவ்களுக்காகக் கட்டுப்பாட்டுச் சிப்பில் துளையிடும் முறை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அது எழுதும் தடையை நீக்குவதற்கான முறை. படிக்க நினைப்பவர் அதன் அருகில் போக வேண்டியதே இல்லை. துளை சற்று ஆழமாகப் போனாலும் சிப் அத்தோடு முடிந்தது.

டிரைவ் ஏற்கெனவே செத்துவிட்டது, ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360 உயிரோடு இருக்கிறது என்றால் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அதே சாவியின் பிரதி கன்சோலின் தாய்ப்போர்டில் உள்ள நாண்ட் என்னும் நினைவகச் சிப்பிலும் இருக்கிறது. ஆனால் அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. திறக்க, அந்தக் கன்சோலின் செயலிக்கே உரிய இன்னொரு சாவி வேண்டும். அதைப் பெறுவது டிரைவைப் படிப்பதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

8. படித்தது சரிதானா?

அவசரப்பட்டு இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். ‘வெற்றிகரமாகப் படித்தாயிற்று’ என்று மென்பொருள் சொல்வதற்கும் கோப்பு சரியாக இருப்பதற்கும் தொடர்பில்லை. ஒரு கால் தொடாமல் இருந்தாலும் அது அப்படித்தான் சொல்லும்.

ஒருமுறை படித்த பிறகு கிளிப்பை முற்றிலும் கழற்றி, மறுபடி மாட்டி, இரண்டாவது கோப்பாகப் படியுங்கள். கிளிப்பைக் கழற்றாமல் இரண்டு முறை படித்தால், தொடர்பில் உள்ள ஒரே தவறு இரண்டு கோப்பிலும் ஒன்றுபோலப் பதிந்துவிடும், ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். மென்பொருளில் படிக்கும் வேகத்தைக் குறைக்க வழியிருந்தால் குறைத்துப் பாருங்கள், பல நேரங்களில் அதுவே போதும்.

அடுத்தது கோப்பின் அளவு. சிப்பின் கொள்ளளவோடு அது பைட் சுத்தமாகப் பொருந்த வேண்டும். பருமனான எக்ஸ்பாக்ஸ் 360-இன் டிரைவ்களுக்கு முழு ஃபர்ம்வேர் 256 கிலோபைட், அதாவது 262144 பைட். ஒரு பைட்டும் கூடவோ குறையவோ கூடாது.

பிறகு கோப்பைப் பதினாறடிமான எடிட்டரில் திறந்து பாருங்கள். முழுவதும் எஃப்எஃப் என்றோ முழுவதும் சுழி என்றோ இருந்தால் எதுவும் படிக்கப்படவில்லை. கடைசியில் எஃப்எஃப் வரிசையாக நிற்பது இயல்பு, அது வெற்றிடம். கோப்பின் முதல் பாதியே இரண்டாம் பாதியாகத் திரும்ப வந்தால் சிப்பின் அளவைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சோதனை இது: எந்தக் கணினி கேட்டாலும் டிஸ்க் டிரைவ் தன்னை 8 எழுத்துத் தயாரிப்பாளர் பெயர், 16 எழுத்து மாடல் பெயர், 4 எழுத்துப் பதிப்பு எண் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. பல ஃபர்ம்வேர்களில் அந்தப் பெயர் பூட்டப்படாமல் எழுத்தாகவே கிடக்கும். எடிட்டரின் வலப்பக்கப் பத்தியில் உருட்டிக்கொண்டே போகும்போது, புரியாத குறிகளுக்கு நடுவில் உங்கள் டிரைவின் மாடல் பெயர் முழுதாகக் கண்ணில் படும். லேபிளில் எழுதி வைத்ததோடு அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும் கோப்பு முழுவதையும் சந்தேகியுங்கள். ஃபர்ம்வேர் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்தப் பெயர் தெரியாமல் போகலாம். அப்போது இரண்டு வாசிப்புகள் ஒத்துப்போவதே ஆதாரம்.

சாவியைத் தனியாக எடுத்திருந்தால் அதன் 16 பைட்டும் ஒழுங்கில்லாத கலவையாக இருக்க வேண்டும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது சாவி அல்ல.

9. சேமித்து வைப்பது

கோப்பின் பெயரிலேயே டிரைவ் மாடல், பதிப்பு, கன்சோல் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். வெறும் ‘பேக்கப்’ என்று பெயர் வைத்தால் சில ஆண்டுகள் கழித்து எந்தக் கன்சோலுடையது என்று உங்களுக்கே தெரியாது. எஸ்எச்ஏ-256 எண்ணையும் லேபிள் புகைப்படத்தையும் அதே கோப்புறையில் வையுங்கள். கோப்பைப் ‘படிக்க மட்டும்’ என்று மாற்றி, வெவ்வேறு இடங்களில் குறைந்தது மூன்று பிரதி இருக்கட்டும். எந்த வேலை செய்தாலும் இன்னொரு நகலில்தான் செய்ய வேண்டும், மூலத்தைத் தொடக் கூடாது. 16 பைட் சாவியைத் தாளில் எழுதிக் கன்சோலின் உள்பக்கத்தில் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. நல்ல பழக்கம். கன்சோல் கைமாறினாலும் சாவி அதோடு போகும்.

கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். ‘சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்’ என்று யாராவது கேட்டாலும் வேண்டாம். அதில் உங்கள் கன்சோலுக்கே உரிய சாவியும் வரிசை எண்ணும் இருக்கின்றன. அதேபோல் இன்னொருவரின் கோப்பைப் பெற்று உங்கள் டிரைவில் எழுதுவதாலும் பயனில்லை. அவருடைய சாவி அவருடைய கன்சோலைத்தான் திறக்கும்.

10. மூடிச் சோதிப்பது

காலைத் தூக்கியிருந்தால் இறக்கிச் சால்டர் வைத்து, பக்கத்துக் காலோடு ஒட்டவில்லை என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ரிப்பன் கம்பிகளை நேராக நுழைத்துத் தாழ்ப்பாளை மூடுங்கள். கம்பியின் ஓரத்தில் உள்ள கோடு இணைப்பிக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் எடுத்து மறுபடி நுழையுங்கள்.

பெட்டியை முழுதாக மூடும் முன், டிரைவின் மூடியை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தட்டு வந்து போகிறதா, விளையாட்டு டிஸ்க் அடையாளம் காணப்படுகிறதா என்று பார்த்தால் போதும். தட்டு அசையவே இல்லை என்றால் மோட்டார் கம்பியையும், நீங்கள் தூக்கிய காலையும் பாருங்கள். தட்டு அசைந்து டிஸ்க் சுற்றவில்லை என்றால் லேசர் கம்பி. டிஸ்க் சுற்றி நின்றுவிட்டால் லென்சில் விரல் பட்டிருக்கலாம், ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள். விளையாட்டு டிஸ்க்கைச் சாதாரண டிவிடி என்று காட்டினால், பழுதுபார்க்கும்போது இரண்டு போர்டுகள் இடம் மாறிவிட்டனவா என்று லேபிள் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் ஓடிய பிறகே கடைசித் திருகாணிகளை இறுக்குங்கள்.